உண்ணியும் பூசணமும் ஒரு கிண்ணம் தயிரும்

எனக்கு வந்திருக்கிற நோய்க்கு ஓர் ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். லைம். அமெரிக்காவில், கனெக்டிகட் ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஹார்ட்ஃபோர்ட் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். புளியோதரை கட்டிக்கொண்டு இரண்டு தடவை அந்த வழியாகக் கடற்கரைக்குப் போயிருக்கிறோம். பெயர்ப்பலகையைப் பார்த்து மகள் "எலுமிச்சை ஊராம்மா?" என்று கேட்டாள், சிரித்தோம். அவ்வளவுதான் எனக்கும் அந்த ஊருக்கும் இருந்த உறவு.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று நாலு வருடமாகக் கேட்கிறவர்களுக்கு நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது, நீட்டிச் சொன்னால் கேட்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள், அதனால் ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, டெஸ்டிங் வேலை பார்க்கிறவள். ஒரு சாஃப்ட்வேரில் பத்துப் பிழை ஒன்றாக இருந்தால் எது எதனால் வருகிறது என்று பிரித்தெடுப்பதுதான் என் பிழைப்பு. அதை என் உடம்பில் செய்ய எனக்கு இரண்டு வருடம் ஆனது என்பதுதான் வேடிக்கை.

2021 ஜூன். வீட்டிலிருந்தே வேலை, வெளியே போக்கிடம் இல்லை, பின்பக்கம் கொஞ்சம் வெண்டை, புதினா, தக்காளி போட்டிருந்தேன். புல் முடிந்து மரங்கள் தொடங்குகிற அந்த ஓரம்தான் உண்ணிக்கு ரொம்பப் பிடித்த இடம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. உண்ணி என்றால் ஊரில் மாட்டின் காதுமடலில் கொட்டைக்கொட்டையாகத் தொங்குமே, அதைத்தான் நமக்குத் தெரியும். இங்கே ஆளைக் கடிப்பது பெரும்பாலும் அதன் இளம்பருவம், ஒரு கசகசா அளவுதான் இருக்கும். மே முதல் ஜூலை வரை அதன் காலம். கடித்தால் வலிக்காது, அரிக்காது. மான் உண்ணி என்று பெயர் வைத்து மானின் தலையில் பழியைப் போட்டிருக்கிறார்கள், ஆனால் கிருமியைச் சுமந்து வைத்திருப்பதில் முக்கியமான ஆள் வெள்ளைக்கால் சுண்டெலி. குஞ்சாக இருக்கும்போது அந்த எலியிடம் இரத்தத்தோடு கிருமியையும் சேர்த்து வாங்கிக்கொள்கிற உண்ணி, அடுத்த வருடம் கசகசா அளவுக்கு வளர்ந்து வந்து நம்மிடம் கொடுக்கிறது. ஒட்டிய உடனே கொடுக்காது, பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அன்றன்றைக்கு உடம்பைப் பார்த்து எடுத்துப் போட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம் என்று அர்த்தம். முழங்காலுக்குப் பின்பக்கத்தை யார் தினமும் பார்க்கிறார்கள்?

ஜூன் கடைசியில் அங்கேதான் ஒரு தடிப்பு வந்தது. உள்ளங்கை அளவு, அடிபட்டுக் கன்றியது போலக் கறுப்பும் ஊதாவுமாக. இந்த நோயின் தடிப்புப் படத்தை எங்கே தேடினாலும் வெள்ளைத் தோலில் சிவப்பாக, அம்பு எய்கிற பலகையைப் போல வட்டத்துக்குள் வட்டம்தான் காட்டுவார்கள். என் தோலில் வட்டமும் இல்லை, சிவப்பும் இல்லை. போனிலேயே ஒரு நர்ஸுக்குப் படம் அனுப்பினேன், பூச்சிக்கடி அலர்ஜி என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். ஜூலை முதல் வாரம் காய்ச்சல், உடம்புவலி, ஆனால் இருமல் இல்லை, சளி இல்லை. கோவிட் டெஸ்ட் எடுத்தேன், இல்லை என்று வந்தது. நாலு நாளில் காய்ச்சல் தானாகவே போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்சம் இந்தப் பக்கம் வந்து கொட்டித் தீர்த்தது. காலையில் பேஸ்மென்ட்டில் இரண்டு அங்குலம் தண்ணீர். அந்த பேஸ்மென்ட்தான் என் ஆபீஸ், கார்ப்பெட் போட்டு, சுவருக்கு ட்ரைவால் என்கிற ஜிப்சம் பலகை அடித்து, நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரை உறிஞ்சி எடுத்தோம், ஃபேன் போட்டோம், மூன்று நாளில் மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தது, நான் மறுபடி அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டேன். ஈரம்பட்டதை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுக்கக் காயவைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும் என்பது இங்கே எல்லா அரசு வழிகாட்டியிலும் இருக்கிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிற பஞ்சு மெத்தையும் ட்ரைவாலுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடிப் பஞ்சும் மூன்று நாளில் காயவே காயாது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் வலது முழங்கால் வீங்கியது. வலி அவ்வளவாக இல்லை, ஆனால் தேங்காய் மாதிரி வீக்கம், படி ஏற முடியவில்லை. ஊசி போட்டு நீர் எடுத்த டாக்டர்தான் முதலில் லைம் என்று சொன்னார். இரத்தப் பரிசோதனை இரண்டு கட்டமாக நடக்கும்: முதலில் ஒரு சல்லடை மாதிரி, அதில் சிக்கினால் வெஸ்டர்ன் பிளாட், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பணுக்களை (ஆன்டிபாடி) கோடுகோடாகக் காட்டுகிற டெஸ்ட். அதில் 10 கோடுகளில் 5 தெரிந்தால் பாசிட்டிவ், எனக்கு எட்டு தெரிந்தது. 28 நாளுக்கு டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "உண்ணியா? ஏன்டி, அமெரிக்கா போயி மாடா மேய்க்கிற?" என்றாள். அப்புறம், "இங்கயும் உண்ணிக்காய்ச்சல்னு பேப்பர்ல போடறானே, அதுவா?" என்றும் கேட்டாள். அது வேறு. நம் ஊரில் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைஃபஸ், வேறு பூச்சி, வேறு கிருமி. ஆனால் அதற்கும் இதே டாக்ஸிசைக்ளின்தான் கொடுக்கிறார்கள் என்று சொன்னதும் அம்மாவுக்கு ஏனோ ஒரு நிம்மதி, தெரிந்த மாத்திரை என்பதுபோல. அத்தை தன் பங்குக்கு நிலவேம்புப் பொடி அனுப்பிவைத்தார்.

அந்த மாத்திரையை விழுங்கி உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும், வெயிலில் போனால் தோல் கருகும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது எனக்கு இரண்டு வாரம் கழித்து மருந்துக்கடைப் பெண் சொல்லித்தான் தெரிந்தது: பால், தயிர், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எதுவும் அதோடு சேரக் கூடாது, மருந்து உடம்பில் ஏறுவது குறையும். நானோ வயிற்றைப் புரட்டுகிறது என்று இரண்டு வேளையும் தயிர்சாதத்தோடுதான் போட்டுக்கொண்டிருந்தேன். சரி, மீதி நாளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுப் போட்டேன். முழங்கால் வடிந்தது. டிசம்பரில் படி ஏறினேன்.

ஆனால் மற்றதெல்லாம் போகவில்லை.

களைப்பு என்று சொன்னால் எல்லோரும் "எனக்கும்தான்" என்பார்கள். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் ரயிலில் உட்கார்ந்தபடியே ஊர் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி. மூட்டுக்கு மூட்டு இடம் மாறுகிற வலி. வார்த்தை வராது. ஒரு நாள் மத்து என்கிற சொல் வராமல் "அந்த மோர் கடையறது... கட்டையில இருக்குமே" என்று கணவரிடம் கையால் சுற்றிக் காட்டிக்கொண்டு நின்றேன், அவர் சிரித்தார், எனக்கு அழுகை வந்தது. காலை ஒன்பதரை மீட்டிங்கில் நேற்று நானே எழுதிய குறிப்பு எனக்கே புரியாது. போதாததற்கு மூக்கடைப்பு, வறட்டு இருமல், குளிர்காலம் முழுக்க. மார்ச்சில் போய்ச் சொன்னால், மருந்து முடிந்துவிட்டது, மனஅழுத்தமாக இருக்கலாம், யோகா செய்யுங்கள், உங்களுக்குத் தெரியாததா என்றார்கள். உங்களுக்குத் தெரியாததா!

அந்த வாரம்தான் பாலி மரேயைப் பற்றிப் படித்தேன். லைம் ஊர்க்காரர், ஓர் அம்மா. 60களிலிருந்தே அவருக்கும் அப்புறம் குழந்தைகளுக்கும் தடிப்பு, காய்ச்சல், மூட்டுவீக்கம். டாக்டர்கள் அவருக்கு மனசில்தான் கோளாறு என்றார்கள். அவர் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டே வந்து, அக்கம்பக்கத்தில் யாருக்கெல்லாம் அப்படி இருக்கிறது என்று பட்டியலும் சேர்த்து, 1975இல் மாநிலச் சுகாதாரத் துறைக்குப் போன் செய்தார். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் ஆலன் ஸ்டீர் வந்து பார்த்தார். சுற்றியிருந்த மூன்று ஊர்களில் 51 பேர், அதில் 39 குழந்தைகள். 1981இல் வில்லி பர்க்டோர்ஃபர் என்கிற ஆராய்ச்சியாளர் உண்ணியின் வயிற்றில் சுருள்சுருளான கிருமியைக் கண்டுபிடித்தார், கிருமிக்கு அவர் பெயர், நோய்க்கு ஊரின் பெயர், அந்த அம்மாவின் பெயர் எதற்கும் இல்லை. நான் அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன்.

இதற்குமேல் என்ன என்று தேட ஆரம்பித்தால் இரண்டு கட்சி. மருந்து முடிந்தபிறகும் ஐந்து முதல் பத்து சதவிகிதம் பேருக்குத் தொந்தரவுகள் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்பதை இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்கிறார்கள். கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதில்தான் சண்டை. தொற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் இல்லை என்கிறது, "நாட்பட்ட லைம்" என்ற பெயரையே ஏற்பதில்லை. மற்றவர்கள் இருக்கிறது, மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுக்கவேண்டும் என்கிறார்கள். எங்கள் கனெக்டிகட்டில் இது அரசியலே ஆகிவிட்டது. 2006இல் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ரிச்சர்ட் புளூமென்தால், இன்றைக்கு செனட்டர், அந்தச் சங்கம் சிகிச்சை வழிகாட்டியை எழுதிய விதத்தையே விசாரித்தார். 2009இல் நீண்டகாலம் மருந்து கொடுக்கிற டாக்டர்களுக்குப் பாதுகாப்பாகச் சட்டமும் வந்தது. இரண்டு பக்கமும் நான் படித்தேன், களைத்துப்போனவள் எதை நம்புவாளோ அதை நம்பினேன். அதாவது, யார் "நீ சொல்வது உண்மைதான்" என்று சொன்னார்களோ அவர்களை.

இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளாத ஒரு கிளினிக். முதல் தடவை 450 டாலர். ஆனால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள், யாரும் அதுவரை ஒன்றரை மணி நேரம் கேட்டதில்லை. அதற்காகவே நான் நன்றியோடுதான் இருக்கிறேன், நடந்தது எல்லாவற்றுக்கும் பிறகும். மறுபடி இரத்தப் பரிசோதனை, மறுபடி பாசிட்டிவ். ஒரு தடவை வந்தால் அந்த எதிர்ப்பணுக்கள் வருடக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும், ஆகவே திரும்பவும் பாசிட்டிவ் என்பதால் நோய் இன்னும் இருக்கிறது என்று ஆகாது, இதை யாராவது அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சிறுநீரில் பூசண நச்சு பார்க்கிற டெஸ்ட் ஒன்று, அதுவும் கைக்காசு. பேஸ்மென்ட் நனைந்த கதையைச் சொல்லியிருந்தேன். அந்த டெஸ்ட்டுக்கு எஃப்டிஏ, அதாவது அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அங்கீகாரம் கொடுக்கவில்லை, நல்ல உடம்பு உள்ளவர்களிடமும் சாப்பாட்டு வழியாகவே கொஞ்சம் தென்படும் என்பதும் பிற்பாடு தெரிந்ததுதான். முடிவு: லைம் கிருமி, அதன்மேல் பூசணம், அதனால் உடம்பு நச்சை வெளியேற்றவில்லை. தினம் 16 மாத்திரை. அப்புறம் ஒரு பட்டியல்.

பட்டியலைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கோதுமை கூடாது. சர்க்கரை கூடாது. பால், தயிர், மோர், நெய் கூடாது. புளிக்கவைத்தது எதுவும் கூடாது. காளான், வினிகர், வேர்க்கடலை கூடாது. தக்காளி, கத்திரிக்காய், கீரை கூடாது. முதல் நாள் சமைத்தது கூடாது. ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். நான் பிறவியிலிருந்து சைவம், முட்டைகூடக் கிடையாது. இட்லி, தோசை, ஆப்பம், தயிர்சாதம், மோர்க்குழம்பு, ரசம், ஊறுகாய், பழையது எல்லாம் போனபின் ஒரு தஞ்சாவூர் ஜில்லாக்காரிக்கு என்ன மிச்சம்? சாதம், பயத்தம்பருப்பு, சுரைக்காய். ஏழு மாதம் சாப்பிட்டேன். அறுபத்திரண்டு கிலோவிலிருந்து ஐம்பத்திரண்டு. யார் வீட்டுக்கும் போகவில்லை, பொங்கலுக்குப் போனால் பாத்திரத்தில் என் சுரைக்காயை எடுத்துக்கொண்டு போனேன். மகள் பன்னிரண்டு வயசில் தனக்கு மட்டும் தோசை வார்த்துக்கொண்டு, வாசனை எனக்கு வரக் கூடாது என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

முதல் மாதம் கொஞ்சம் நன்றாக இருந்தது, அதை மறைக்கவில்லை. வெளிச்சாப்பாடு நின்றது, இரவு எட்டுக்குள் சாப்பிட்டேன், வயிறு லேசாக இருந்தது. அப்புறம் இறங்குமுகம். பாதத்தில் ஊர்ந்த எறும்பு கணுக்காலுக்கு ஏறியது. இருட்டில் நடந்தால் தள்ளாடியது. கிளினிக்கில் சொன்னேன், கிருமி சாகிறபோது அப்படித்தான் இருக்கும், நல்ல அறிகுறி என்றார்கள். நல்லதானாலும் மருந்து வேலை செய்கிறது, கெட்டதானாலும் மருந்து வேலை செய்கிறது. டெஸ்டிங் வேலை பார்க்கிறவளுக்கு அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும். எந்த முடிவு வந்தாலும் பாஸ் என்று காட்டுகிற டெஸ்ட், டெஸ்ட்டே இல்லை. அடுத்த கட்டம் கையில் குழாய் பொருத்தி வீட்டிலேயே நரம்புவழி ஆன்டிபயாட்டிக், மூன்று மாதம். அங்கே என் கணவர் முதல் தடவையாக "வேண்டாம்" என்றார். சாதாரணமாகக் குரலை உயர்த்தாத மனுஷர். 2017இல் அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி வெளியிட்ட அறிக்கையை எடுத்துக் கையில் கொடுத்தார், அப்படிக் குழாய் போட்டுக்கொண்டவர்களுக்கு இரத்தத்தில் தொற்று வந்த கதைகள், உயிர் போனதும் அதில் இருக்கிறது. நீண்டகால ஆன்டிபயாட்டிக்கைச் சரியான முறையில் சோதித்த ஆய்வுகளையும் உட்கார்ந்து படித்தோம். 2001இல் அமெரிக்காவில் ஒன்று, 2016இல் நெதர்லாந்தில் 280 பேரை வைத்து ஒன்று. மருந்து எடுத்தவர்களுக்கும் வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2003இல் ஒன்றில் களைப்பு மட்டும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அதற்குப் பட்ட பாடு அதிகம் என்று அதைச் செய்தவர்களே பரிந்துரைக்கவில்லை.

குழாய் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டு, வேறு ஒரு சாதாரண குடும்ப டாக்டரிடம் போனேன், வயதான அம்மா. நோட்டைக் கொடுத்தேன். புரட்டினார். லைமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஃப்ரிட்ஜ் பட்டியலைப் போனில் காட்டினேன். "சைவமா? பாலும் இல்லையா? வைட்டமின் பி12 எப்போது பார்த்தீர்கள்?"

யாருமே பார்த்ததில்லை. அத்தனை குழாய் இரத்தம் எடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் பணம் கட்டினேன், முப்பது டாலர் டெஸ்ட்டை ஒருவரும் எழுதவில்லை. 148 என்று வந்தது. 200க்கு மேல் இருக்க வேண்டும். வைட்டமின் டி அதைவிட மோசம். நம் நிறத்துக்கு இந்த ஊரின் குளிர்கால வெயில் போதாது, இது ஆச்சரியம் இல்லை. பாதத்தில் ஊர்வது, தள்ளாட்டம், வார்த்தை வராதது, களைப்பு, எல்லாமே பி12 குறைவிலும் வரும். கல்லீரலில் பல வருடத்துக்கான கையிருப்பு இருக்கும் என்பதால் எனக்கு முன்னமே குறைந்திருக்க வேண்டும், ஆனால் முட்டைகூடச் சாப்பிடாதவளுக்கு பி12 வருகிற முக்கியமான வழி பாலும் தயிரும்தான். என்னைக் குணப்படுத்துவதற்காக நிறுத்தியது அதைத்தான்.

வாரம் ஒரு ஊசி, அப்புறம் தினம் நாக்குக்கு அடியில் மாத்திரை. ஆறு வாரத்தில் எறும்பு கணுக்காலிலிருந்து இறங்கியது. நாலு மாதத்தில் கட்டைவிரலில் மட்டும் மிச்சம், அது இன்னும் இருக்கிறது, போகாது என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சாப்பாட்டில் மூன்று நாளுக்கு ஒன்று என்று திரும்பச் சேர்த்தேன், நோட்டில் குறித்தேன். முதலில் தயிர். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிட்டேன், ஆனால் அந்த முதல் கிண்ணத்தைச் சாப்பிட்டபோது கொஞ்ச நேரம் ஸ்பூனைக் கீழே வைக்கவே முடியவில்லை. இட்லி, ஒன்றும் இல்லை. மாவைப் புளிக்கவைப்பது பெரும்பாலும் மோரைப் புளிக்கவைக்கிற வகைப் பாக்டீரியா, சுவரில் கறுப்பாகப் பிடிக்கிற பூசணத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கோதுமை, ஒன்றும் இல்லை. தக்காளி, கத்திரிக்காய், ஒன்றும் இல்லை. காய்ச்சிய பால் ஒரு டம்ளராகக் குடித்தால் வயிறு ஊதும், அது கல்லூரிக் காலத்திலேயே உண்டு. மத்தியானத்துக்குப் பிறகு காபி குடித்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் மூட்டு எல்லாம் பேசும். ஏழு மாதத் தவத்தில் மிஞ்சிய உண்மை இவ்வளவுதான். எனக்கு இவ்வளவு, இன்னொருவருக்குக் கோதுமை உண்மையிலேயே சேராமல் இருக்கலாம். உண்ணி கடித்தே மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி அலர்ஜி ஆகிறவர்கள்கூட இந்த நாட்டில் உண்டு, அது வேறு உண்ணி.

அப்புறம் பேஸ்மென்ட். இருமல் மட்டும் பி12க்கு மசியவில்லை. நோட்டில் பார்த்தால் சனி, ஞாயிறில் குறைகிறது, திங்கள் மத்தியானம் திரும்ப வருகிறது. ஊருக்குப் போன மூன்று வாரமும் இல்லை. கீழே போய் மோப்பம் பிடித்தால், ஆமாம், நனைந்த சாக்கு வாசனை, இத்தனை நாள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால் மூக்குக்குப் பழகிவிட்டது. கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கினோம், ட்ரைவாலில் அடியில் ஒரு துண்டு வெட்டினோம். பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. குளிர்காலத்தில் இந்த வீட்டில் மாவு புளிக்காது, ஓவனில் விளக்கைப் போட்டு உள்ளே வைத்தாலும் சண்டிமாடு மாதிரி அசையாது, ஆனால் சுவர் மட்டும் ஒன்றரை வருடமாகப் புளித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

காற்றைப் பரிசோதிக்க 600 டாலர் என்று ஒருவர் வந்தார். வேண்டாம் என்றோம். எந்தப் பூசணமாக இருந்தாலும் செய்யவேண்டியது ஒன்றுதான், எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று சட்டப்படி ஓர் அளவும் கிடையாது. பத்துச் சதுர அடிக்குள் என்றால் நாமே முகமூடி போட்டுக்கொண்டு செய்யலாம், எங்களுடையது ஒரு சுவர் முழுக்க, ஆள் வைத்தோம். நாலாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல். வெளியிலிருந்து வந்த தண்ணீர் என்பதால் வீட்டு இன்ஷூரன்ஸ் கைவிரித்தது. கார்ப்பெட், ட்ரைவாலின் கீழ்ப்பாதி, கண்ணாடிப் பஞ்சு எல்லாம் வெளியே போனது. ஆனால் அதைவிட முக்கியமானது வேலைக்கு வந்த ஆள் போகிறபோக்கில் காட்டியது: கூரைத் தண்ணீர் வடிகிற குழாய் சுவருக்கு அடியிலேயே கொட்டுகிறது. ஒரு மழையின் தண்ணீர் முழுக்க நேராக அஸ்திவாரத்துக்கு. பதினைந்து டாலர் பிளாஸ்டிக் குழாயை வாங்கி ஆறு அடி தள்ளிக் கொட்டுகிற மாதிரி அவரே நீட்டிவிட்டார். அதன்பிறகு தண்ணீர் வரவில்லை. இப்போது காற்றின் ஈரத்தை இழுத்து வாளியில் சேர்க்கிற டீஹியூமிடிஃபையர் ஓடுகிறது, ஈரப்பதம் 50க்குக் கீழே, பத்து டாலர் மீட்டர் ஒன்று சுவரில் தொங்குகிறது. இருமல் இரண்டு மாதத்தில் நின்றது. மூக்கு திறந்ததும் தூக்கம் சரியானது.

பூசணத்தால்தான் எனக்குக் களைப்பும் மறதியும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். 2004இல் இங்கே மருத்துவ நிபுணர்கள் ஈரவீடுகளைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை கொடுத்தார்கள், இருமல், மூக்கு, இழுப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்குத் தொடர்பு இருக்கிறது, மற்றவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று. என் நோட்டும் அதையேதான் சொல்கிறது.

இவ்வளவையும் கழித்தபின் மிச்சம் ஒன்று இருக்கிறது. அது லைமினுடையது என்றுதான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. சனிக்கிழமை தோட்டத்தில் மூன்று மணி நேரம் நின்றால் ஞாயிறும் திங்களும் படுக்கை. அதற்கு மாத்திரை இல்லை. நாற்பது நிமிடம் வேலை, இருபது நிமிடம் படுத்திருப்பது என்று பிரித்துக்கொண்டேன். தெம்பு இருக்கிற நாளிலும் அதைத் தாண்டுவதில்லை, அதுதான் கஷ்டம், தெம்பு இருக்கிற நாளில் வீட்டையே கழுவிவிடத் தோன்றும். மேனேஜரிடம் சொல்லி ஒன்பதரை மீட்டிங்கைப் பதினொன்றுக்கு மாற்றிக்கொண்டேன், ஒரு வருடம் தயங்கினேன், ஒரு நிமிடத்தில் சரி என்றார். நூற்றுக்கு எழுபது இருக்கிறேன். கிளினிக்கில் எனக்குப் பழக்கமான ஒரு பெண் இன்னும் கையில் குழாயோடு இருக்கிறாள், அவளுக்கு அதில்தான் நம்பிக்கை, போனில் பேசுகிறோம், இதைப் பற்றி வாதம் செய்வதில்லை. பி12 பார் என்று மட்டும் ஒரு தடவை சொன்னேன்.

இது மே மாதம். மறுபடி கசகசா பருவம். மகள் ஃபுட்பால் முடிந்து வந்தால் வாசலிலேயே துணியை உருவி நேராக ட்ரையரில், அதிகச் சூட்டில் பத்து நிமிடம், காய்ந்த துணியென்றால் உண்ணி சாக அது போதும், நல்ல வெந்நீராக இல்லாவிட்டால் துவைப்பதால் சாகாது. முழங்காலுக்குப் பின்னால், அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். "அம்மா, எனக்குப் பதினாறு வயசாச்சு" என்கிறாள். ஆகட்டும். போன வாரம் ஒன்று கிடைத்தது, இன்னும் ஊதாதது, சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன், வந்துவிட்டது.

மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் படுத்து எழுந்துதான் இதை எழுதி முடித்தேன், நடுவில் இரண்டு தடவை படுத்துக்கொண்டேன். கீழே மெஷின் கத்துகிறது, வாளி நிரம்பிவிட்டது போல. தினம் ஒரு வாளி. அவ்வளவு தண்ணீரையா சாக்கடையில் கொட்டுற, செடிக்கு ஊத்தலாமேடி என்று அம்மா நேற்றும் கேட்டாள்.